மேடைவேங்கையின் மூக்கு

மார்ச் 3

இந்த டைரி ஒரு இரும்புக்கடைக்காரர் புத்தாண்டுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘ஆணி, தகரம், முள்கம்பி மலிவாகக் கிடைக்கும்’ என்று அச்சடித்திருக்கிறது. இரண்டு மாதம் சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதப்போகிறேன். நாளைக்கு என் வாழ்க்கை வரலாற்றை எழுத யாராவது உட்கார்ந்தால் திணறக்கூடாது.

அவர்களுக்காகச் சில விவரம். பெயர் பூவலிங்கம். ஊர் பாளையங்கோட்டை. மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நோட்டீசில் ‘பேராசிரியர்’ என்று போடுகிறார்கள், நான் தடுப்பதில்லை. முப்பது வருஷமாகப் பட்டிமன்றம் பேசுகிறேன். கடையநல்லூரில் பொன்னாடை போர்த்தி ‘மேடைவேங்கை’ என்று பட்டம் கொடுத்தார்கள். பொன்னாடை சாயம் போய்விட்டது, பட்டம் போகவில்லை.

இன்று கொம்பையா வந்தார். எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைவிழாக் கமிட்டிச் செயலாளர். சித்திரைக் கொடைக்குப் பட்டிமன்றமாம். தலைப்பு: ‘இல்லறம் இனிக்க உதவுவது உண்மையா, பொய்யா?’ நடுவர் நான்! இத்தனை வருஷமும் ஏதாவது ஒரு அணியில் உட்கார்ந்து மணி அடித்ததும் எழுந்து வந்தவன். இந்தத் தடவை அந்த மணியே என் கையில். கண் கலங்கிவிட்டது.

நன்றி சொன்னேன். கொம்பையா நெற்றியைச் சுருக்கினார்.

“அண்ணாச்சி, என்ன சளியா? பேசுறது கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரில்லா இருக்கு. நடுவர் பேச்சு கணீர்னு இருக்கணும். மூக்கை ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டிருங்க. இல்லன்னா…”

இல்லையென்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் போட்டியாகப் பேசுகிற தென்காசிக்காரன் பெயர் அவர் உதட்டு வரைக்கும் வந்து நின்றதை நான் பார்த்தேன்.

தீர்ப்பை இப்போதே எழுதிவிட்டேன். ‘உண்மையே!’ நடுவர்கள் எல்லாரும் முன்கூட்டித்தான் எழுதுவார்கள்.

மார்ச் 5

கயத்தாறில் ஒரு பள்ளி ஆண்டுவிழா. மேடை ஏறுமுன் வழக்கம்போல வெள்ளைச் சமாச்சாரம் ஒன்று.

வரலாறு எழுதுவோர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்குப் பயம் என்பதே கிடையாது. மேடையைப் பார்த்தால் உற்சாகம் பொங்கும், அவ்வளவுதான். பொங்கி நெஞ்சு திமுதிமுவென்று அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், கை கொஞ்சம் ஆடும். ஒரு தடவை குறிப்புத்தாள் ஆடிய ஆட்டத்தில் முன்வரிசைக்குக் காற்று வந்தது. அப்போதுதான் நாகர்கோவிலில் ஒரு டாக்டர், நெஞ்சின் வேகத்தைத் தணிக்க இந்தச் சின்ன மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மேடைக்கு முன் ஒன்று போட்டால் நெஞ்சு பெட்டிப்பாம்பு.

நாகர்கோவில் பக்கம் பேசப் போகும்போது வாங்குவேன். அட்டையிலிருந்து பிதுக்கிக் கிராம்பு டப்பாவில் போட்டுக்கொண்டு, அட்டையைப் பஸ் ஜன்னல் வழியாக எறிந்துவிடுவேன். வேங்கை மாத்திரை தின்கிறது என்று தெரிந்தால் ஊர் வாயால் சிரிக்காது. வடிவுக்கே தெரியாது. எங்கள் இல்லறத்தில் என் மனைவிக்குத் தெரியாத ஒரே விஷயம் இதுதான்.

முன்பெல்லாம் இது நாக்கில் பட்டால் வேப்பங்காய் தோற்கும். இந்த மூன்று வருஷமாக இனிக்கிறது. கம்பெனிக்காரனுக்கு நல்ல புத்தி வந்திருக்கிறது. டப்பாவும் அட்சய பாத்திரம்தான். தீர்ந்திருக்கும் என்று திறந்தால் பாதிக்கு மேல் கிடக்கிறது. நான் எப்போதுமே கணக்கில் கொஞ்சம் மட்டம்.

கயத்தாறில் வெளுத்து வாங்கினேன்.

மார்ச் 6

வடிவு மூட்டுவலிக்கு ஹோமியோபதி மாத்திரை வாங்கி வந்தாள். இரண்டு புட்டி. “எதுக்கு ரெண்டு?” என்றேன். “வலி ரெண்டு கால்லயும்லா இருக்கு” என்றாள். புட்டி புட்டியாகத் தீர்கிறது, வலி மட்டும் அப்படியே இருக்கிறது. சொன்னால் கேட்பாளா?

மார்ச் 9

மூக்கு டாக்டர் ஜெபசிங்கைப் பார்த்தோம். மூக்குக்குள் குழாயை விட்டு டிவியில் காட்டினார். இரண்டு பக்கமும் சதை, உரித்த திராட்சை மாதிரி குலைகுலையாகத் தொங்குகிறது. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் பேசினேன்? எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

டாக்டர் என் ரசிகர். “சார், ஆலங்குளத்துல கரண்ட் போயி, மழையும் ஊத்தி, மைக் இல்லாமப் பேசுனீங்களே, நான் அன்னைக்கு முழுசும் நனைஞ்சுக்கிட்டே கேட்டேன். இந்த ஊர்ல பயம்னா என்னன்னு தெரியாத ஒரே ஆளு நீங்கதான்!” என்றார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

ஆப்பரேஷன்தான் வழி என்றார். முழு மயக்கம் கொடுத்தும் செய்யலாம், மூக்கை மட்டும் மரத்துப்போக வைத்தும் செய்யலாம், உங்களுக்கு எது தோதோ அது என்றார். “விழித்திருந்தே எதிர்கொள்வேன்!” என்றேன். நர்ஸ் ஒருத்தி புல்லரித்துக் கையைத் தடவிக்கொண்டாள்.

உண்மைக் காரணத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். என் மைத்துனர் குடலிறக்க ஆப்பரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போது, தன் மாமியாருக்கு வைத்திருந்த பட்டப்பெயரை வார்டு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். மாமியார் கட்டிலருகே ஹார்லிக்ஸோடு நின்றுகொண்டிருந்தார். மயக்கத்தில் நான் கிராம்பு டப்பாவைப் பற்றி உளறினால்?

நர்ஸ் கேட்டாள்: “மாத்திரை எதுவும் எடுத்துக்கிடுறீங்களா சார்?”

“தமிழே எனக்கு மருந்து” என்றேன். டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். வடிவு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மார்கழியில இவுகளுக்குக் கொஞ்சம் மூச்சு இழுப்பு வரும்” என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லாவிட்டால்தான் என்ன? வேங்கைக்கு இழுப்பு வருமா?

மார்ச் 12

ரத்தம் எடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். ஈசிஜி எடுத்தவர் தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “சார், குடும்பத்துல நிம்மதிக்குக் காரணம் ஆணா பெண்ணா?” என்றார். சட்டை பொத்தான் போட விட்டால் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 14

மூன்று நாளாக வீட்டிலேயே உற்சாகம் பொங்குகிறது. சோறு இறங்கவில்லை. மூக்குக்குள் கத்தி போவதை நினைத்தால் நெஞ்சு உலக்கை போடுகிறது. டப்பாவிலிருந்து ஒன்று போட்டேன். அடங்கவில்லை. இன்னொன்று. இனித்ததே தவிர ஒன்றும் ஆகவில்லை. மேடையில் கேட்கிற மாத்திரை வீட்டில் ஏன் கேட்கவில்லை? டப்பாவில் கிடந்து கிடந்து வீரியம் போயிருக்கும். புதிதாக வாங்கிவிட வேண்டும்.

மார்ச் 16

நாகர்கோவில் டாக்டரின் பழைய சீட்டை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் பக்கம் என்னைத் தெரியாத கடையாகப் பார்த்துப் போனேன். பங்குனி வெயிலில் தலையில் மப்ளர். சீட்டை நீட்டி, “ஒரு அட்டை” என்றேன், அவ்வளவுதான்.

“நீங்க மேடைவேங்கைல்லா? குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டேன்!” என்றார் கடைக்காரர்.

ஒரு நண்பருக்கு என்றேன். பாவம், ரொம்பப் பயந்த சுபாவம் என்றும் சொன்னேன். “அவருக்கு நீங்கதான் நாலு வார்த்தை தைரியம் சொல்லணும்” என்றார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த அட்டையைப் பிதுக்கவில்லை. அப்படியே சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.

மார்ச் 19

நாளை ஆப்பரேஷன். வடிவு பையில் துண்டு, டம்ளர், ஃபிளாஸ்க் எல்லாம் எடுத்து வைத்தாள். நடுவில் நிமிர்ந்து, “டாக்டர்ட்ட சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டியளா?” என்றாள்.

“எல்லாம் சொல்லியாச்சு.”

“எல்லாம்னா எல்லாமா?”

“பட்டிமன்றமா நடத்துறே?” என்றேன். அவள் ஃபிளாஸ்க்கை இன்னொரு தடவை எடுத்து வைத்தாள்.

மார்ச் 20, காலை

ஆஸ்பத்திரி. வெறும் வயிறு. குளியலறையில் நின்று ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொண்டேன். புது மருந்து, பெரிய காரியம், அதனால் ஒன்றுக்கு இரண்டாக. அப்பா, என்ன கசப்பு! அந்தக் காலத்துக் கசப்பு. கம்பெனிக்காரன் பழைய புத்திக்கே திரும்பிவிட்டான் போல.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடங்கிவிட்டது. இப்போது குளம் மாதிரி இருக்கிறேன். கூப்பிடுகிறார்கள். வெற்றியோடு வந்து எழுதுகிறேன்.

மார்ச் 20, சாயங்காலம்

மூக்கு அப்படியேதான் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். வரலாறு எழுதுவோர் விரும்பினால் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம்.

மேசையில் படுக்க வைத்தார்கள். நெஞ்சில் மூன்று ஒட்டு, விரலில் கிளிப், கையில் பிரஷர் பட்டை. தலைமாட்டில் ஒரு பெட்டி டிங் டிங் என்று சத்தம் போட்டது. ஜெபசிங் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். மரத்துப்போகும் மருந்தைக் கவனித்துக்கொள்ள நஸீமா என்று ஒரு டாக்டரம்மா. ஊருக்குப் புதிது. சிரிக்கவே மாட்டாள் போலிருந்தது.

அவள் சொன்னாள்: “சார், முதல்ல மருந்துல நனைச்ச திரிய மூக்குக்குள்ள வைப்போம். பெறகு ஊசி. மரத்துப்போற மருந்தோட கொஞ்சம் அட்ரினலினும் கலந்திருக்கும். அது ரத்தக்குழாயச் சுருக்கி, ரத்தம் ரொம்பக் கொட்டாமப் பாத்துக்கிடும். உடம்புக்குள்ள கொஞ்சம் போறதால நெஞ்சு படபடன்னு அடிக்கும். சித்த நேரத்துல அடங்கிரும். பயப்படாதீங்க.”

“பயமா? எனக்கா?” என்றேன்.

ஜெபசிங் பெட்டியை எட்டிப் பார்த்தார். “அட! எல்லாரும் இங்க வந்து பாருங்க. நாடி அம்பத்துநாலு! ஆப்பரேஷன் மேசையில அம்பத்துநாலு! நஸீமா, நீங்க ஊருக்குப் புதுசு. மேடைவேங்கைன்னு சும்மாவா பட்டம் கொடுத்திருக்காங்க?”

நர்ஸ்கள் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் வாங்கிய கைதட்டல்களிலேயே எனக்குப் பிடிக்காத கைதட்டல் அதுதான். ஏனென்றால் நஸீமா தட்டவில்லை. என் பழைய ஈசிஜியை எடுத்துப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு குனிந்து என்னைப் பார்த்தாள்.

“அன்னைக்கு எண்பத்தெட்டு இருந்திருக்கு. இந்த மேசையில படுத்தா யாருக்கும் கூடத்தான் செய்யும். உங்களுக்குக் குறைஞ்சிருக்கு. பிரஷருக்கோ, படபடப்புக்கோ, கை நடுக்கத்துக்கோ ஏதாவது மாத்திரை போட்டீங்களா?”

“அவருக்கு நடுக்கமா!” என்று ஜெபசிங் சிரித்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “சொல்லிருங்க சார். அந்த மாதிரி மாத்திரைல சிலது, நெஞ்சோட கையக் கட்டிப் போட்டிரும். அது தெரியாம நாங்க இந்த மருந்த வச்சா, ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் மட்டும் கிடுகிடுன்னு ஏறும். நெஞ்சால ஈடுகொடுக்க முடியாது. மூளையில ரத்தம் கசியலாம். நெஞ்சு நின்னும் போகலாம். அதான் மறுபடி மறுபடி கேக்கேன்.”

திரி தயாராக இருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு நின்றது. ஒரு பக்கம் பட்டம், ஒரு பக்கம் அந்தச் சொட்டு. பட்டத்தின் பக்கம்தான் மனசு முதலில் சாய்ந்தது, பொய் சொல்வானேன். பிறகு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கண்ணில் தெரிந்தது. ‘மேடைவேங்கை மூக்கு ஆப்பரேஷனில் மறைவு.’ அதில் மூக்கு என்ற சொல் இருப்பதைத் தாங்க முடியவில்லை. அதன்பிறகு, வெளியே பெஞ்சில் என் கண்ணாடியையும் வாட்ச்சையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வடிவு ஞாபகத்துக்கு வந்தாள். அப்போதுதான் நிஜமாகவே பயந்தேன்.

“அம்மா, அந்தத் திரியைக் கீழே வையுங்க” என்றேன்.

சொன்னேன். நாகர்கோவில், கிராம்பு டப்பா, பத்து வருஷம், எல்லாம்.  ஜெபசிங்கின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஆலங்குளத்து மழை முழுவதும் அவர் முகத்தில் இறங்கியிருந்தது.

வடிவைக் கூப்பிட்டார்கள். பச்சை அங்கியும் தலையில் ஒரு பிளாஸ்டிக் தொப்பியுமாக வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், “அந்தக் கிராம்பு டப்பாவையா சொல்லுதாக?” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அதுல உள்ளது மாத்திரையே இல்லம்மா. வெறும் சர்க்கரை. மூணு வருஷத்துக்கு முந்தி மார்கழியில இவுகளுக்கு இழுப்பு வந்து மூச்சு முட்டிப் போச்சு. டப்பாவுல இருந்து ஒண்ணையும், இவுக ஒளிச்சு வச்சிருந்த சீட்டையும் எடுத்துக்கிட்டுப் போய் எங்க தெரு டாக்டர்ட்ட காட்டினேன். இழுப்பு உள்ளவங்க இதத் தொடக்கூடாது, எப்பவாவது போடுறதுதான, நிப்பாட்டினா ஒண்ணும் ஆகாதுன்னாரு. இவுகட்ட சொன்னா கேப்பாகளா? ஹோமியோபதிக் கடையில மருந்து ஊத்தாத வெறும் சர்க்கரை மாத்திரையாக் கேட்டு வாங்கி மாத்தி வச்சிட்டேன். இவுக புதுசா வாங்கிட்டு வர வர நான் மாத்திக்கிட்டே இருப்பேன்.”

ஜெபசிங்கின் முகத்தில் விளக்கு எரிந்தது. “அப்ப மூணு வருஷமா மருந்தே இல்லாமத்தான் பேசியிருக்காரா? ஆலங்குளம் போன வருஷம்லா! சார், நீங்க வேங்கையேதான்! நஸீமா, ஆரம்பிச்சிருவோமா?”

“சர்க்கரை தின்னா நாடி இப்படிக் குறையாது டாக்டர்” என்றாள் நஸீமா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே மேசையில் ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் அவமானப்படுவது?

“இன்னைக்குப் போட்டது டப்பாவுல உள்ளது இல்ல” என்றேன். “கடையில புதுசா வாங்கினது.”

“எத்தனை?” என்று கேட்டது வடிவு.

“ரெண்டு.”

அவள் மேசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை நடுங்கியது. அப்படி ஒரு நடுக்கத்தை நான் எந்த மேடையிலும் நடுங்கியதில்லை.

ஆப்பரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். இழுப்பு வருகிறதா என்று பார்க்க நாளை வரைக்கும் வார்டிலேயே இருக்க வேண்டும். வடிவு பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

மார்ச் 21

வீடு வந்தோம். ஆட்டோவில் வரும்போது அவளாகவே பேசினாள்.

“அன்னைக்கு அந்த நர்ஸ் கேட்டப்ப நான் வாயத் திறந்திருக்கணும். சர்க்கரைதானன்னு இருந்துட்டேன். உங்க மானம் போயிரக் கூடாதுன்னு பாத்தேன். உங்க உசிரில்லா போயிருக்கும்.”

“நீ கேட்டியே, எல்லாம் சொல்லிட்டியளான்னு. நான்தான் சொல்லல” என்றேன்.

“ஆமா, நீங்கதான்” என்று உடனே ஒத்துக்கொண்டாள்.

மார்ச் 23

காலையில் கோபம் வந்தது. என் டப்பாவில் கைவைக்க இவள் யார்? மதியம் பெருமை வந்தது. தென்காசி, சிவகிரி, ஆலங்குளம் எல்லாம் வெறும் சர்க்கரையிலா! அந்த மழையில் என்னைத் தாங்கிப் பிடித்தது மருந்து அல்ல, நானே! என்னை நானே மெச்சிக்கொண்டு இரண்டு தடவை கூடத்தில் நடந்தேன். சாயங்காலம் திடுக்கிட்டேன். இனிமேல் அது சர்க்கரை என்று எனக்குத் தெரியுமே. தெரிந்த பிறகு அது எப்படி வேலை செய்யும்?

கொடைக்கு இனி எதைப் போட்டுக்கொண்டு ஏறுவது?

ஏப்ரல் 4

இருதய டாக்டர் பார்த்துச் சரி சொன்னார். அந்த மாத்திரையை இனித் தொடவே கூடாது. லேமினேட் சீட்டை வடிவு அடுப்பில் போட்டாள். வீடெல்லாம் நாறியதாம், எனக்கு எங்கே தெரிந்தது?

இன்று ஆப்பரேஷன் நடந்தது. நாடி நூற்றுப் பத்து. நஸீமா பெட்டியைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். “இதுதான் சார் மனுஷ நாடி.”

ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. அதே அடி! மேடைப் படியில் கால் வைக்கும்போது அடிக்குமே, அச்சு அசலாக அதே அடி. அவள் என் தோளில் கைவைத்து, “மருந்தாலதான். சித்த நேரம் அடிக்கும், அடங்கிரும். நான் பாத்துக்கிட்டே இருக்கேன்” என்றாள். எதையும் போடாமல், எதையும் செய்யாமல் அப்படியே கிடந்தேன். அடித்தது. பிறகு அடங்கிவிட்டது.

முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அது தானாக அடங்குகிறதா என்று நான் பொறுத்துப் பார்த்ததில்லை.

ஏப்ரல் 5

மூக்கில் பஞ்சு. வாயால் மூச்சு. எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 12

இன்று காலை திடீரென்று ஒரு வாசனை. தைல வாசனை, அதுவும் நெடி. எங்கிருந்து என்று வீடெல்லாம் மோந்துகொண்டே போனேன். வடிவின் முழங்காலில் போய் நின்றது.

“இது எத்தனை நாளாத் தேய்க்கே?”

“ரெண்டு வருஷமாத் தேய்க்கேன்.”

இரண்டு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. தைலப் புட்டியை வாங்கி நானே தேய்த்துவிட்டேன். “மெதுவா, அது மேசை இல்ல தட்டுறதுக்கு” என்றாள்.

ஏப்ரல் 20

கொம்பையா வந்து குரலைக் கேட்டுவிட்டு, “கோயில் மணி தோத்துச்சு அண்ணாச்சி” என்றார். நோட்டீஸ் கொடுத்தார். என் பெயருக்கு முன்னால் ‘அச்சம் அறியா’ என்று புதிதாக வேறு சேர்த்திருக்கிறார்கள். எடுக்க முடியுமா என்றேன். ஐயாயிரம் அடிச்சாச்சே என்றார்.

ஏப்ரல் 28

நேற்றுக் கொடை. நிதானமாக எழுதுகிறேன்.

மேடைக்குப் பின்னால் நின்றபோது கை ஆட ஆரம்பித்துவிட்டது. வடிவைக் கூப்பிட்டு, “டப்பாவை எங்கே?” என்றேன். “அது சர்க்கரைன்னு தெரிஞ்ச பெறகு எதுக்கு?” என்றாள். “சும்மா குடு.” “வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள். மூன்றாவது நாற்காலி, எப்போதும் அவள் உட்காருகிற இடம். பக்கத்தில் ஜெபசிங்.

‘அச்சம் அறியா மேடைவேங்கை’ என்று கொம்பையா கத்தினார். ஏறினேன். நெஞ்சு உலக்கை போட்டது. தாளைக் கையில் எடுத்தேன். அது சடசடவென்று ஆடி, அந்தச் சத்தம் மைக்கில் ஏறி, தெரு முழுக்கக் கேட்டது. கூட்டம் மேலே பந்தலைப் பார்த்தது.

தென்காசிக்காரன் அணியில் உட்கார்ந்துகொண்டு மீசைக்குள் சிரித்தான். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். என்ன தோன்றியதோ, “பந்தல்ல காத்து அடிக்கல. அது என் கைதான்” என்றேன்.

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. சித்த நேரம் அடிக்கும், அடங்கிரும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அடங்கியது.

அதன்பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, சர்க்கரை, இரண்டு மாத்திரை, அந்தத் திரி. சிரித்துச் சிரித்து ஜெபசிங் கண்ணைத் துடைத்தார். இரண்டு அணியும் வாதாடி முடித்தார்கள். முன்கூட்டி எழுதி வைத்த தீர்ப்பை மடித்துப் பையில் போட்டுவிட்டு, வேறு தீர்ப்புச் சொன்னேன். “வீட்டுல ஒருத்தர் மானத்தை ஒருத்தர் காப்பாத்தப் பொய் சொல்லுதோம். அது இனிக்கத்தான் செய்யுது. ஆனா டாக்டர் முன்னால போய் உக்காந்தா புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரும் உண்மையச் சொல்லிருங்க. உசிரோட இருந்தாத்தான் மிச்சப் பொய்யையும் சொல்ல முடியும்!” கைதட்டல் தேரடி வரைக்கும் கேட்டதாம்.

இறங்கி வந்தேன். வடிவு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிராம்பு டப்பா.

“வீட்டுல இருக்குன்னு சொன்னே?”

“குடுத்தா போட்டுக்கிடுவிய. அதான்.”

வாங்கித் திறந்தேன். அட்சய பாத்திரம் காலி. அடியில் ஒன்றே ஒன்று கிடந்தது.

“மத்ததெல்லாம் எங்கே?”

“நான்தான் தின்னேன்” என்றாள். “நீங்க மேடை ஏறுனா எனக்குல்லா நெஞ்சு படபடன்னு அடிக்குது. இன்னைக்கு நேத்து இல்ல, கல்யாணம் ஆன வருஷத்துல இருந்தே அப்படித்தான். உங்களுக்கு வாங்குனப்ப எனக்கும் ஒரு புட்டி சேத்து வாங்கிக்கிட்டேன்.”

“சர்க்கரைன்னு உனக்குத் தெரியுமே, அது எப்படிக் கேட்கும்?”

“கேக்கத்தான் செய்யுது” என்றாள்.

இரண்டு கால், இரண்டு புட்டி. நான் கணக்கில் மட்டம்தான். முப்பது வருஷமாக மேடையில் நான் ஒருத்தன் மட்டும் நடுங்குகிறேன் என்று நினைத்திருந்தேன்.

மிச்சமிருந்த ஒன்றை உடைத்தேன். ஆளுக்குப் பாதி. இனிப்பாகத்தான் இருந்தது.